தூக்குச்சட்டியில் நாடி

ஊசிக்குளத்தில் சுடப் போகிறவர்கள் நாடித்துடிப்பை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். மணிக்கட்டில் துடிப்பு இருந்தால் கைத்துப்பாக்கியின் முனையும் கூடவே துடிக்கும். குண்டு வட்டத்தின் நடுவுக்குப் போகாது. சிலர் துடிப்பை உப்பு ஜாடியில் போட்டு வைப்பார்கள். துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுப் போகிறவர்களும் உண்டு, ஆனால் காற்றுக் காலத்தில் அது சரிப்படாது. பேச்சியின் வீட்டில் அதற்கென்று ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி இருந்தது. ரசம் ஊற்றி பஸ்ஸில் கொண்டுபோனாலும் ஒரு சொட்டுச் சிந்தாத மூடி அதற்கு.

மாசி மாதத்தில் ஊர் முழுக்கச் சுடும். வீட்டுக்கு இரண்டு பேர் மைதானத்துக்குப் போகவேண்டும். ஒருவர் கோட்டில் நின்று சுடுவார். மற்றவர் எதிரே மண்மேட்டுக்கு முன்னால் வெட்டியிருக்கும் பள்ளத்தில் இறங்கி, கயிற்றை இழுத்து, வட்டம் போட்ட தாளை மேலே ஏற்றுவார். குண்டு விழுந்ததும் எத்தனை மதிப்பெண் என்று விரல் நீட்டிக் காட்டுவதும் அவர்தான். மொத்தம் பத்துத் தோட்டா. நடுவில் விழுந்தால் பத்து, தள்ளிப் போகப் போகக் குறையும். பெரிய அவசரம் இல்லை; நேரம் முடிந்து விசில் ஊதும்வரை ஒவ்வொரு தோட்டாவையும் நின்று நிதானமாகச் சுடலாம். கூட்டிப் பார்த்துத் தொண்ணூறு வந்தால் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வரலாம். வராவிட்டால் பள்ளத்தில் இறங்கியவர் அங்கேயே இருந்துவிடுவார். சுட்டவர் துப்பாக்கியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, கைகால் கழுவிவிட்டுச் சாப்பிடுவார்.

போன மாசியில் பேச்சியின் புருஷன் சொரிமுத்து சுட்டான். அவன் அப்பா ஆவுடையப்பன் பள்ளத்தில் இறங்கினார். சொரிமுத்துவின் கடைசித் தோட்டா வட்டத்தையே விட்டு விலகி வெள்ளைத்தாளில் போய் விழுந்தது. பெரியவர் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு விரலும் நீட்டாமல் மூடிய கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பிறகு அந்தக் கையையும் இறக்கிக்கொண்டார். பள்ளத்தில் பசிக்காது என்று ஊரில் சொல்வார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

சொரிமுத்துவின் வலது கை அன்றோடு துப்பாக்கி தூக்குவதை நிறுத்திக்கொண்டது. மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்தது. மாடு கறந்தது, பைக் ஓட்டியது, மகளைத் தூக்கித் தோளில் வைத்தது. ஆணியில் தொங்கும் துப்பாக்கியை எடுக்கப் போனால் மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. ஆகவே இந்த வருஷம் பேச்சி சுடவேண்டும், அவன் இறங்கவேண்டும் என்று ஆயிற்று.

மாமியார் மாடத்தி குறுக்கே வந்தாள்.

"அவன் எதுக்கு? நான் எறங்குதேன். அந்த மனுசன் அங்கனதான கெடக்காரு. ஒரு வருசமா ஏச்சு வாங்காம எனக்குச் சோறு எறங்கமாட்டேங்கு."

மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மாடத்தி இழுத்த இழுப்புக்குத் தாள் பாதிவரைதான் ஏறியது. சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி நல்லவிதமாகவே சொன்னார்.

"பெரியம்மா, நீங்க வீட்ல இருந்து நாடியப் பாத்துக்கிடுங்க. அதுக்கும் ஒரு ஆள் வேணும்லா."

பயிற்சிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானம் திறந்திருக்கும். அதற்கு யாரும் புதிதாக இறங்கவேண்டியதில்லை. உள்ளே ஏற்கெனவே தங்கிவிட்டவர்கள் அவரவர் வீட்டு ஆட்களுக்குத் தாள் ஏற்றிக் கொடுப்பார்கள். பேச்சிக்கு மாமனார் ஏற்றினார். முகம் தெரியாது, கைகள் மட்டும்தான் மேலே வரும். அவருடைய இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. வைக்கோல் வெட்டுகிற மெஷினில் போய்விட்டது. அதனால் அவர் தம்மிடம் இருக்கிற ஒன்பது விரலையும் நீட்டினால் அது பத்து என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். குண்டு நிஜமாகவே ஒன்பதில் விழுந்துவிட்டால் அவர் கையை நீட்டமாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவர் கையை நீட்ட வைப்பார்.

முதல் ஞாயிறு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. மாமனார் நாலு விரல் நீட்டினார், மூன்று விரல் நீட்டினார், இரண்டு தடவை மூடிய கையைக் காட்டினார்.

பக்கத்துக் கோட்டில் செல்வமேரி நின்றாள். அவள் வீட்டிலிருந்து இதுவரை ஒருவரும் பள்ளத்தில் தங்கியதில்லை. அவள் தன் நாடியை வெள்ளாட்டிடம் விட்டுவிட்டு வருகிறவள். அசைபோடுவதைத் தவிர ஆட்டுக்கு வேறு கவலை கிடையாது, அதனிடம் இருந்தால் நாடி நிம்மதியாக இருக்கும் என்பாள்.

"என்னட்டி பேச்சி, குண்டெல்லாம் கீழ எடப்பக்கமாப் போயிக் கெடக்கு? கோழி கிளறுன மாதிரில்லா இருக்கு."

"அதான்க்கா தெரியல. நடுவுக்குத்தான் புடிக்கேன்."

"புடிக்கது சரி. வெடிக்கதுக்கு முந்தியே பயந்துபோயிக் கைய அமுக்கிருத. எப்ப வெடிக்கப் போவுதுன்னு ஒனக்கு ஏன் தெரியுது? தெரியக்கூடாது."

"நான்தானக்கா விசைய அழுத்துதேன்? எனக்குத் தெரியாம எப்படிப் போவும்?"

"பிள்ளையத் தட்டித் தூங்க வைக்கியே, எந்தத் தட்டுல தூங்குனான்னு ஒனக்குத் தெரியுமா? நீ பாட்டுக்குத் தட்டுத. ஏதோ ஒண்ணுல தூங்கிருதா. அதேதான் இது. ஆட்டுக்குச் சொன்னாக்கூட இந்நேரம் வெளங்கியிருக்கும்."

பேச்சிக்கு அது நன்றாக விளங்கியது. அன்று முதல் வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துப் பழகினாள். குழலின்மேல் ஒரு புளியங்கொட்டையை நிறுத்திவைத்து, விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நேர் பின்னால் அழுத்துவாள். கொட்டை விழுந்தால் கை அசைந்திருக்கிறது. முதலில் அடுப்படி முழுக்கக் கொட்டையாகக் கிடந்தது. மாடத்தி விளக்குமாறோடு பின்னாலேயே வந்தாள். மகள் மதி அப்போதுதான் பத்துவரை எண்ணப் பழகியிருந்தாள். அவள் கொட்டைகளைப் பொறுக்கி வரிசையாக வைத்து, பத்து வந்ததும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

சோறு கொதிக்கிற நேரத்தில் பேச்சி அழுத்தினாள். துணி ஊறுகிற நேரத்தில் அழுத்தினாள். ஒரு நாள் கொட்டை விழவில்லை. மறுநாளும் விழவில்லை. விசை சொடுக்கிய பிறகும் அவள் கையை இறக்கவில்லை. பிள்ளை தூங்கிய பிறகும் தட்டிய கையை உடனே எடுக்காமல் அப்படியே வைத்திருப்போமே, அந்த மாதிரி சும்மா நின்றாள்.

சுவரில் கரியால் ஒரு புள்ளி வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு திறந்து பார்த்தால் முனை புள்ளிக்கு ஒரு சாண் வலப்பக்கம் நிற்கும். கையைப் பிடித்து இழுத்துப் புள்ளிக்குக் கொண்டுவந்தால், அது ஆட்டுக்குட்டி மாதிரி பழைய இடத்துக்கே ஓடப் பார்த்தது. அவள் கையோடு மல்லுக்கட்டாமல் காலை நகர்த்திவைத்தாள். இரண்டு மூன்று தடவை நகர்த்தியதும், கண்ணை மூடித் தூக்கிய கை தானாகவே புள்ளிக்கு நேராகப் போய் நின்றது. அந்த இடத்தில் தரையில் தன் பாதங்களைச் சுற்றிக் கோடு கிழித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நாடியைத் தூக்குச்சட்டியில் இறக்கினாள். அது ஒன்றும் பெரிய வேலையில்லை. சட்டியின் விளிம்பில் மணிக்கட்டை வைத்து, சோப்பு நுரையை உதறுவதுபோல் ஒரு உதறு உதறினால் விழுந்துவிடும். மூடியை அழுத்தி மூடி மாமியார் மடியில் வைத்தாள். உள்ளே அது சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பி வரும்வரை மூடியைத் திறக்கக்கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

அன்று மாமனார் ஆறு விரல் காட்டினார், ஏழு காட்டினார், ஒரு தடவை எட்டும் காட்டினார். கைகளில் சந்தோஷம் தெரிந்தது.

அதற்குமேல் ஏறவில்லை. இரண்டு ஞாயிறு போயும் எட்டிலேயே நின்றது. சொரிமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவள் சுவரைப் பார்த்துக் குறிவைப்பதைக் கவனித்தான்.

"நீ புள்ளியப் பாக்குத."

"புள்ளியச் சுடணும்னா புள்ளியத்தானங்க பாக்கணும்?"

"அதப் பாத்தா அதுல விழாது. துப்பாக்கி முனையில சின்னதா ஒரு தகடு நிக்குல்லா, முன்குறி, அதப் பாரு. அது மட்டும் பளிச்சுன்னு தெரியணும். மத்ததெல்லாம் பொகையாப் போவட்டும்."

"இவ்ளோ தெரிஞ்ச மனுசன் போன வருசம் ஏன் வெள்ளையில விட்டீங்களாம்?"

சொரிமுத்து மாட்டின் முதுகைத் தேய்த்தான்.

"கடைசித் தோட்டாவுக்கு அப்பா கையத் தேடிட்டேன்."

பேச்சி மறுபடி சுவருக்கு நேராகத் திரும்பினாள். கையைத் தூக்கி முன்குறியைப் பார்த்தாள். கண்ணால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கமுடியும். தகட்டின் விளிம்பு கத்திபோல் துலங்கியதும் சுவர்ப்புள்ளி கரைந்து சாம்பலாகிவிட்டது. அப்படியே பழகினாள். பழகப் பழக, துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் அவளுக்குக் கைநீட்டும் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் எல்லாம் புகை. வாசலில் நிற்கும் மதி ஒரு மஞ்சள் பாவாடைப் புகையாக இருந்தாள். "பக்கத்துல வாட்டி" என்று கூப்பிட்டுக் கைநீட்டும் தூரத்தில் நிறுத்திவைத்துத்தான் தலை வாரினாள். புருஷன் முகத்தைச் சோறு போடக் குனியும்போது பார்த்துக்கொண்டாள். மற்றபடி வேலைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை. அந்த ஞாயிறு மாமனார் முதல்தடவையாக ஒன்பது காட்டப் பக்கத்து ஆளின் கையைக் கேட்டு வாங்கினார்.

இன்னொன்றும் கைக்கு வந்தது. சுட்ட நொடியில் முன்குறி எங்கே நின்றதோ அங்கேதான் குண்டு போகும். அந்த நொடியை அவள் கண் பிடித்து வைத்துக்கொண்டது. மாமனார் விரல் நீட்டுவதற்கு முன்பே, "இது எட்டு, மேல போயிட்டு" என்று அவளே சொல்லிவிடுவாள். கை அப்படியே மேலே வந்து எட்டு காட்டும். ஒரு தடவைகூட மாறியதில்லை.

சுடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சொரிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையால் தட்டைப் பிடித்திருந்தான். சுண்டுவிரலில் செம்பு மோதிரம்.

"நாளைக்கு என் கையத் தேடாத."

"தேடல."

"கை வந்தா தன்னால தேடத் தோணும்."

"தோணட்டும். தேடமாட்டேங்க."

"கொஞ்சம் கொழம்பு ஊத்து."

ஊற்றினாள். அவன் முகத்தைக் கைநீட்டும் தூரத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இடது புருவத்தில் ஒரு நரைமுடி இருந்தது. அதைப் பிடுங்கலாமா என்று நினைத்து, நாளைக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் நாடியை உதறிச் சட்டியில் போட்டு மாமியார் கையில் கொடுத்தாள்.

"அத்தை, மதி அழுதா முறுக்கு இருக்கு. சட்டியத் தொடவிடாதீங்க."

"எனக்குச் சொல்லுதா. ஏளா, ஒன் புருசனப் பெத்தவ நான். போயிட்டு அவனக் கூட்டிட்டு வந்து சேரு."

மைதானத்தில் செல்வமேரி ஏற்கெனவே தொண்ணூற்றாறு எடுத்துவிட்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பள்ளத்திலிருந்து ஏறி வந்து சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். சொரிமுத்து ஏணியில் இறங்கினான். தலை மறைகிறவரை பேச்சி பார்க்கவில்லை. கோட்டில் நின்று கண்ணை மூடிக் கையைத் தூக்கிப் பார்த்து, காலைச் சரிசெய்துகொண்டாள். இடது கையை இடுப்பில் சேலைச் செருகலுக்குள் சொருகிக்கொண்டாள்.

பள்ளத்துக்குள் அப்பாவும் பிள்ளையும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பத்து விழுந்தால் காட்டுகிறவர் பெரியவர். மற்றதெல்லாம் சொரிமுத்து காட்டுவான். ஒன்பது காட்டும்போது சொரிமுத்து இடது சுண்டுவிரலை மடக்கிக்கொள்வான். தூரத்திலிருந்து பார்த்தால் அவன் காட்டும் ஒன்பதும் பெரியவர் காட்டும் பத்தும் ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால் அந்த மாதிரிக் கை வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் பேச்சியைக் கேட்டார். வீட்டு ஆள் கை வீட்டு ஆளுக்குத்தானே தெரியும். சுட்டவர் சொல்வதுதான் கணக்கு.

முதல் தோட்டா. முன்குறி பளிச்சென்று நின்றது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். விசை எப்போது சொடுக்கியது என்று அவளுக்கே தெரியாது.

"யார் கைம்மா?" என்றார் ஆரோக்கியசாமி.

புகைக்குள் ஏதோ இரண்டு கை. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஆனால் முன்குறி நின்ற இடம் அவளுக்குத் தெரியும்.

"மாமா கை சார்."

"பத்து" என்று அவர் கூவினார்.

அடுத்ததற்கு, "அவுக கை சார்" என்றாள். ஒன்பது. அதற்கடுத்ததும் ஒன்பது. பிறகு ஒரு எட்டு. அதற்குக் கேள்வி இல்லை. முனை கொஞ்சம் அலைந்தால் சுடாமல் கையை இறக்கி, மூச்சுவிட்டு, மறுபடி தூக்கினாள். முனை சற்று அலையத்தான் செய்யும், அந்தச் சின்ன அலைச்சலோடு சண்டைபோடக்கூடாது என்பதும் இப்போது அவளுக்குத் தெரியும். இன்னொரு எட்டு விழுந்தது. நடுவில் ஒன்பதுகள். ஒன்பது தோட்டா முடிந்தபோது ஆரோக்கியசாமி எண்பது என்றார்.

இனி ஒரே தோட்டா. பத்து விழவேண்டும்.

செல்வமேரி கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். பேச்சி கையைத் தூக்கினாள். முன்குறி தெளிந்தது, தாள் கரைந்தது, தாளுக்குக் கீழே இருக்கிறவனும் கரைந்தான். விசை பாதி வந்தபோது, முனை படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் கையை இறக்கி மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். துடிப்பு இருந்தது. அவளுடையதில்லை. பொடியான, ஓட்டமான துடிப்பு. பால் குடித்துவிட்டு ஓடித் திரிகிற பிள்ளையின் துடிப்பு. வீட்டில் யாரோ மூடியைத் திறந்துவிட்டார்கள்.

பெரியவர்களின் துடிப்பு என்றால் இரண்டு அடிக்கு நடுவில் ஒரு இடைவெளி கிடைக்கும், அதற்குள் சுட்டுவிடலாம். இதில் கடுகு நுழையக்கூட இடம் இல்லை. மறுபடி தூக்கினாள். இறக்கினாள். ஆரோக்கியசாமி விசிலை எடுத்து வாயருகில் வைத்துக்கொண்டார்.

பேச்சி துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி நின்று, தொடையில் விரல்களால் மெல்லத் தட்டினாள். பிள்ளையைத் தட்டுகிற தட்டு. வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டுத் துடிப்பு தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. மதிக்குக் கண் சொக்குகிறது.

"விசில் ஊதப்போறேம்மா."

கையைத் தூக்கினாள். முன்குறி. மூச்சு. விசை பின்னால் போனது, போனது. மதி தூங்கும் முன்னால் எப்போதும் ஒரு தடவை திடுக்கிட்டுக் கையை உதறுவாள். அப்போதும் உதறினாள். துப்பாக்கி வெடித்தது.

பேச்சி கையை இறக்கவில்லை. சொடுக்கிய நொடியில் முன்குறி ஒரு நெல்லளவு வலப்பக்கம் நின்றது. ஒன்பது. அவளுக்குத் தெரியும்.

எதிரே புகைக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. அவளுக்குத் தேடத் தோன்றியது. தேடவில்லை.

"ஒம்பது வெரல் தெரியுது" என்றார் ஆரோக்கியசாமி. "யார் கைம்மா?"

செல்வமேரி பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் சுடத் தெரியும். குண்டு எங்கே போனது என்று அவளுக்கும் ஒரு மதிப்பு இருந்திருக்கும். அவள் ஒரு கடலையை எடுத்து உடைத்தாள்.

"மாமா கை சார்" என்றாள் பேச்சி, பள்ளம்வரை கேட்கும்படி.

"பத்து" என்றார் அவர். "தொண்ணூறு. ஆளை ஏறச் சொல்லுங்க."

கைகள் உடனே இறங்கவில்லை. மேலேயே நின்றன. பிறகு இறங்கின. சொரிமுத்து ஏணியில் ஏறி வருவதற்குக் கொஞ்சம் நேரமானது. உள்ளே ஏதோ வேலை இருந்திருக்கிறது.

இருவரும் வீட்டுக்கு வரும்போது மாடத்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். மதி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்குச்சட்டி பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, கழுவியாயிற்று.

"முறுக்கு வேண்டாங்கா. அம்மா அம்மான்னு ஒரே அழுகை. சரி, அம்மா இதுக்குள்ளதான இருக்கான்னு ஒன் நாடிய எடுத்துக் கொஞ்ச நேரம் நெஞ்சுல வச்சுவிட்டேன். வச்சதும் அடங்கிட்டா. இப்ப எடுக்கலாம்னா வரமாட்டேங்கு, உள்ள போயிட்டு."

பேச்சி குனிந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பொடித் துடிப்பும் பெரிய துடிப்பும் அடுத்தடுத்துப் போய்க்கொண்டிருந்தன. தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, மதியுடையதும் திரும்பிப் போய்விட்டது.

"இருக்கட்டும் அத்தை. அடுத்த வருசம் சட்டி வேண்டாம்."

"அப்ப அதுல நான் ஊறுகா போட்டுக்கிடுதேன்."

சொரிமுத்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். பேச்சி சோறு வைத்தாள். அவன் இடது கையால் தட்டைப் பிடித்தான். கைநீட்டும் தூரத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. சுண்டுவிரல் இல்லை. கட்டுப்போடத் தேவையில்லாத அளவுக்கு இடம் சுத்தமாக, பழசாக இருந்தது.

"நீ சொன்னது உள்ள கேட்டுச்சு" என்றான்.

"ம்."

"நீட்டுனது என் கைதான்."

"தெரியும்."

"அப்பா கைன்னு நீ சொல்லிட்ட. சுட்டவ சொன்னா சொன்னதுதான். அப்ப நீட்டுன கையில ஒரு வெரல் இருக்கப்படாதுல்லா. இல்லன்னா நான் ஏற முடியாது. அப்பாதான் சொன்னாரு, ஏல, குடு, நான் வாங்கிக்கிடுதேன்னு."

மாடத்தி வாசலிலிருந்து தலையை மட்டும் திருப்பினாள்.

"அவருக்குப் பொருந்திச்சா?"

"நல்லாப் பொருந்திட்டும்மா."

"வலிச்சுதாமா அவருக்கு?"

"எனக்குத்தாம்மா வலிச்சுது."

"அந்தச் செம்பு மோதிரம்?"

"வெரலோட போயிட்டு."

"போவட்டும், போவட்டும். அவருக்கு மோதிரம் போட்டுக்கிட ரொம்ப நாளா ஆசை" என்றாள் மாடத்தி, பிறகு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சி குழம்பு ஊற்றினாள். அவன் இடது புருவத்தில் அந்த நரைமுடி இருந்தது. குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டாள்.

பேச்சுச் சத்தத்தில் மதி விழித்துக்கொண்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து அப்பாவின் மடியில் ஏறி, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். அவன் கை கழுவி வந்ததும் இரண்டு கையையும் இழுத்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள்.

"ஆறு. ஏழு. எட்டு." கடைசி விரலைத் தொட்டாள். "பத்து."

"சரியா எண்ணுதா" என்றாள் மாடத்தி.

பேச்சி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். துப்பாக்கியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். சுவர்க்கடிகாரம் எட்டு அடித்தது. பாயை விரித்து, மாட்டுக்கு வைக்கோல் போட்டு, மதிக்குப் பால் ஆற்றிக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் போனதும் கடிகாரம் பத்து அடித்தது. எல்லோரும் படுத்துக்கொண்டார்கள்.